முன் ஹோலுக்கு அடித்த நிறம்

என் கணவரின் நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சைக்கு வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை நான் எங்கள் வீட்டு முன் ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினேன். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரில் எவருக்கும் வேறு அர்த்தம்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. தோன்றத் தோன்றத்தான் அடித்தேன்.

வெளியூர் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒருவர் கடும் நோயில் கிடக்கிறார் என்றால் வளவைக் கூட்டுவார்கள், வேலியைச் சரிபார்ப்பார்கள், முன் ஹோலுக்கு நிறம் அடிப்பார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. சனம் வரப்போகிறது. வருகிற சனம் இருக்கும் இடம் துப்புரவாக இருக்க வேண்டும். ஹோலின் நடுவில் தெற்கே தலை வைத்து ஒருவரைக் கிடத்த வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நோயாளி உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, வெளியே சுவர் சுரண்டுவார்கள்.

எங்கள் நோக்கம் அதுவல்ல. என் கணவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பின்னேரம் நாலரை என்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தியிலுள்ள சனசமூக நிலையத்துக்குப் போய்விடுவார். முதலில் கரம் போர்ட், பிறகு முந்நூற்றிநாலு என்கிற கடுதாசி விளையாட்டு. வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருப்பது பசி வந்தால்தான் ஞாபகம் வரும். நானும் எத்தனை தடவை ஏசியிருப்பேன். ஒருநாள் அங்கே கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டே நெஞ்சைப் பொத்திக்கொண்டு சரிந்தார். இரத்தக் குழாய்கள் மூன்று அடைத்திருக்கின்றன, வெட்டித்தான் ஆக வேண்டும், இன்னொரு தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காது என்று வைத்தியர் சொன்னார். வெட்டிய பிறகும் மாதக்கணக்கில் சைக்கிள் கூடாது, சந்திக்குப் போவது கூடாது என்றார்.

யோசனை மகளுடையது. அவளுக்கு இருபத்தாறு வயது, கந்தோர் ஒன்றில் வேலை.

"அப்பா அங்கை போகேலாது எண்டால் அதை இஞ்சை கொண்டு வருவம் அம்மா. முன் ஹோலை விளையாடுற அறையா மாத்துவம். கரம் போர்ட், கடுதாசி மேசை, ரீவி எல்லாம் அங்கை. அவற்றை கூட்டாளியள் வரட்டும். சுவருக்குக் கண்ணைப் பறிக்கிற கலர் அடிக்கோணும். வீட்டுக்கை வந்தவுடனை மனுசன் சிரிக்கோணும்."

அவர் அப்போது யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தார். திரும்பி வரும்போது காட்டலாம், அதுவரை மூச்சு விடக்கூடாது என்று பேசிக்கொண்டோம். எனக்கும் கை சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருந்தால் பயம் வந்து பக்கத்தில் குந்திக்கொள்ளும். வேலை செய்தால் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் வேலைக்குப் போக, சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட உள்ள கடைக்கு நான் தனியப் போனேன். கடைக்காரர் நிற அட்டையை விரித்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக இருந்தது. மகள் சொன்னபடி மாம்பழ மஞ்சளில்தான் விரலை வைத்தேன். விரல் அங்கே நிற்கவில்லை.

"எந்த அறைக்கு அக்கா?" என்று அவர் கேட்டார்.

"முன் ஹோலுக்கு."

அவர் அட்டையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "அப்ப உந்தக் கிறீம் கலரை எடுங்கோ. நல்லது கெட்டது எல்லாத்துக்கும் ஒத்துவரும்."

நான் மறுத்திருக்கலாம். கெட்டது எங்கள் வீட்டில் நடக்காது என்று அந்த மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். எல்லாத்துக்கும் என்ற சொல் காதில் விழுந்தது, தலை தானாக ஆடியது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனதின் ஒரு பாதி அவரை வீட்டுக்கு வரவேற்க ஆயத்தம் செய்தது. மற்றப் பாதி வேறு ஒன்றுக்கு ஆயத்தம் செய்தது. அதை இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்னம்மா?" என்றாள்.

"நீ சொன்ன மஞ்சள் முடிஞ்சுதாம்," என்றேன். அவள் நம்பினாள்.

சனிக்கிழமை காலை சுரண்டத் தொடங்கினோம். சுவரில் இருந்தது வெளிறிப்போன நீலம். கதவுக்குப் பக்கத்தில் அது பொருக்குப் பொருக்காக உரிந்து விழுந்தது. அதன் அடியில் இன்னொரு நிறம் இருந்தது. அது எப்போது அடித்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. இது என் கணவரின் தகப்பன் கட்டிய வீடு. எங்களுக்குக் கல்யாணம் முடிந்து இரண்டாம் வருடம், மாமா பக்கத்து அறையில் கிடக்க, இவர்தான் இந்த ஹோலைச் சுரண்டி நிறம் அடித்தார். அடித்து நாலாம் நாள் மாமாவை இந்த ஹோலின் நடுவில்தான் கிடத்தினோம்.

நான் வாளிக்குள் கிடந்த தடியை எடுத்து, அதன் நுனியில் ஒட்டியிருந்த பெயின்றை அந்த உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே நிறம். மயிரளவு வித்தியாசம் இல்லை. தடி கையிலிருந்து வாளிக்குள் விழுந்தது. ஏணியில் நின்ற மகள், "என்னம்மா?" என்றாள். "ஒண்டுமில்லை, தூசி," என்றேன். தூசி என்று சொன்னதால் கண்ணைத் துடைக்கவும் வசதியாகப் போனது.

கொண்டுபோய்க் கொடுத்து மாற்றியிருக்கலாம். அப்படிச் செய்தால் நான் என்ன நினைத்து வாங்கினேன் என்பதை மகளிடம் ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் அடித்தேன். றோலரை மேலே உருட்டும்போது பிள்ளையாரே என்றேன், கீழே உருட்டும்போதும் பிள்ளையாரே என்றேன். தொலைபேசி அடித்தால் கை அந்தரத்தில் நின்றுவிடும். ஒருதடவை எண்ணெய் வியாபாரி, ஒருதடவை மகளின் சிநேகிதி. இரண்டு பேருக்கும் என் குரலைக் கேட்டுப் பயம் பிடித்திருக்கும்.

இரண்டாம் நாள் ஊர் வரத் தொடங்கியது. பக்கத்து வளவு அண்ணை படலையில் நின்று ஏணியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு சேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எந்நாளும் உரத்துக் கதைக்கிற மனிதர் அன்று கிசுகிசுத்தார்.

"தங்கச்சி, ஆளுக்கு எப்பிடி?"

"வியாழக்கிழமை ஒப்பரேசன் அண்ணை. நல்லா வரும் எண்டவை."

"ஓம், ஓம். வரும், வரும்." சுவரைப் பார்த்தார். "கதிரை கிதிரை தேவையெண்டால் யோசிக்காதையுங்கோ. என்ரை மருமேன்ரை கடையிலை இருநூறு கிடக்குது. பந்தல் தகரமும் கிடக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு றோலரை அவரின் வெள்ளை வேட்டியில் உருட்டியிருப்பேன். "இருநூறு பேர் இருந்து கரம் விளையாடேலாது அண்ணை," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பாவம், அதிர்ச்சியில் பிசத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முழங்கைக்குக் கீழே ஒரு கிறீம் நிறக் கீற்று காய்ந்து கிடந்தது.

"உது என்ன?"

"ஒண்டுமில்லை. மா."

அவர் நகத்தால் சுரண்டினார். மா உதிரும், இது உதிரவில்லை. கையை விட்டார். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது. நான் வீட்டுக்கு வந்த பஸ்ஸில் இருக்கும்போதே, பக்கத்து வளவு அண்ணை நல்ல மனதோடு இரண்டு தோடம்பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். முன் ஹோல் வேலை நல்லா நடக்குது, ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை காலை வாட்டிலிருந்து தாதி தொலைபேசியில் எடுத்தார். "உங்கடை அவர் ஒப்பரேசனுக்குச் சைன் வைக்கமாட்டன் எண்டுறார். பின்னேரத்துக்கிடையிலை வைக்காட்டி நாளைக்கு வேறை ஆளை எடுப்பினம். பிறகு எப்ப இடம் வருமெண்டு சொல்லேலாது."

எப்படி வெளிக்கிட்டேன் என்று தெரியாது. சாறிச் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததை நாவற்குழி தாண்டித்தான் கண்டேன். அரியாலையில் பஸ் நின்று நின்று ஆட்களை ஏற்ற, இறங்கி ஓடலாமா என்று இருந்தது. அவரை நோய் கொண்டுபோனால் அது விதி என்று மனதைத் தேற்றலாம். என் வாளிப் பெயின்ற் கொண்டுபோனால் நான் எப்படித் தேற்றுவது?

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் போய் நின்றதும் எழும்பி இருந்தார்.

"டொக்டர் உம்மட்டை என்ன சொன்னவர்?"

"உங்களுக்குச் சொன்னதுதான். வெட்டினால் சுகம் வரும் எண்டவர்."

"எனக்குச் சொல்லாத ஒண்டை உமக்குச் சொல்லியிருக்கினம். இல்லாட்டி ஏன் முன் ஹோலுக்குப் பெயின்ற் அடிக்கிறீர்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கரம் போர்ட், கடுதாசி மேசை, மகளின் யோசனை, கூட்டாளிகள் வருவது. எனக்கே கட்டுக்கதை போலக் கேட்டது. முதல்நாள் மா என்று சொன்ன வாய்தானே.

"நல்லாக் கதை கட்டுறீர்," என்றார். கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. "அப்பா அடுத்த அறைக்கை கிடக்கேக்கை நான் சுவர் சுரண்டினனான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் என்ன நினைச்சிருப்பார்? இவ்வளவு வருசமும் நான் அதை யோசிக்கேல்லை. நேற்று விடிய விடிய அதுதான். சாகப்போறவனை ஏனப்பா வெட்டுவான்? என்னை வீட்டை கொண்டு போம். கிடக்கிறதை என்ரை வீட்டிலை கிடக்கிறன்."

"இஞ்சருங்கோ, பிள்ளையாணை, விளையாடத்தான்."

அவர் என் கண்ணைப் பார்த்தார். "அப்ப சொல்லும். என்ன கலர்?"

கிறீம் என்று சொன்னால் அவர் எழும்பிச் சேர்ட்டைப் போட்டுவிடுவார். கடைக்காரரின் அட்டை கண்ணுக்குள் விரிந்தது. அதில் ஆகக் கேவலமாக இருந்த கட்டத்தை எடுத்தேன்.

"கிளிப்பச்சை."

"என்ன?"

"கிளிப்பச்சை. நல்ல கடும் பச்சை. உங்கடை மேள்தான் எடுத்தவள்."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்காதையுங்கோ, சிரிக்காதையுங்கோ என்று கெஞ்சினேன். மூன்று குழாயும் அடைத்த மனிதன் என் பொய்யால் சிரித்தே போய்விடுவாரோ என்று உடம்பெல்லாம் வேர்த்தது.

"விசரே உங்களுக்கு? முன் ஹோலுக்குக் கிளிப்பச்சையோ? என்ரை அக்கா கண்டால் படலையடியிலையே மயங்கி விழுவா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "நான் நம்பமாட்டன். பின்னேரம் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டும். கண்டால் சைன் வைக்கிறன்."

பின்னேரம் பார்வையாளர் நேரம் ஐந்து மணிக்கு. அப்போது நேரம் பன்னிரண்டு நாற்பது.

பஸ் தரிப்பிடத்தில் நின்றே மகளுக்கு எடுத்தேன். முழுக்கதையும் சொல்ல நேரமில்லை. "பிள்ளை, அரைநாள் லீவைப் போட்டிட்டுக் கடைக்குப் போ. கிளிப்பச்சை வாங்கு. ஏன் எண்டு கேளாதை." அவள் கேட்கவில்லை. என் குரலில் அவ்வளவு பயம் இருந்திருக்க வேண்டும். பாலர் பாடசாலைக்கோ என்று கடைக்காரர் கேட்டாராம்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு மணி. சாறியை மாற்றவில்லை, இழுத்துச் செருகிக்கொண்டு றோலரை எடுத்தேன். நாலு சுவருக்கும் நேரம் இல்லை. யன்னலுக்கு எதிர்ச் சுவரை மட்டும் அடித்தோம். கிறீமின் மேல் பச்சை சரியாகப் பிடிக்கவில்லை, திட்டுத் திட்டாக, மாட்டுக்குக் கரைத்த தீவனம்போலத் தெரிந்தது. மகள் இரண்டு காற்றாடியைக் கொண்டுவந்து சுவருக்கு நேரே வைத்தாள். காயக் காய மேலே இன்னொரு தரம் அடித்தோம். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அம்மா, மஞ்சள் முடிஞ்சுது எண்டது பொய் தானே?"

"ஓம்," என்றேன்.

அவள் றோலரை நிறுத்தவில்லை. "எனக்கும் பயம்தானம்மா," என்றாள்.

மூன்று நாற்பதுக்குக் கரம் போர்ட்டைச் சுவரில் சாய்த்து வைத்து, பக்கத்தில் மகளை நிறுத்திப் படம் எடுத்தேன். இடப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளினால் கிறீம் தெரியும், வலப்பக்கம் தள்ளினாலும் தெரியும். அவசரத்தில் முதல் ஐந்து படமும் கலங்கிப்போயின. ஆறாவது சரி. அவளைச் சிரி என்றேன். சிரித்தாள், அழுகிற மாதிரித்தான் இருந்தது.

ஐந்தேகாலுக்கு அவர் என் தொலைபேசியைக் கையில் வாங்கினார். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நான் அவருடைய விரல் எந்தப் பக்கம் போகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஓரத்துக்கு நகர்ந்து நின்றது.

"கண் கூசுது," என்றார். தாதியைக் கூப்பிட்டார். "மிஸ்ஸி, அந்தப் பேப்பரைத் தாங்கோ."

வியாழக்கிழமை ஆறு மணித்தியாலம் நானும் மகளும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்தோம். பிள்ளையாணை என்று நான் செய்த சத்தியம் பாதி பொய். அந்தப் பிள்ளை என் தோளில் சாய்ந்திருந்தாள். பொய்ச்சத்தியத்துக்கு யாரிடம் கணக்குத் தீர்ப்பார்கள், அவளிடமா, உள்ளே கிடப்பவரிடமா என்று எண்ணி எண்ணி என் நகக்கண்ணில் இருந்த பச்சையை எல்லாம் கிள்ளி எடுத்துவிட்டேன். கதவு திறந்து, பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் வெளியே வந்து, "அம்மா, பயப்பிடாதையுங்கோ," என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் மீதிச் சுவர்களையும் அடித்து முடித்துவிட்டோம். கிறீம் அடித்தபோது சாமான்களை இறக்கிவிட்டு நகர்த்திய கண்ணாடி அலுமாரியை மட்டும் இந்த முறை சாமான்களோடு எங்கள் இருவராலும் நகர்த்த முடியவில்லை. அதைச் சுற்றி அடித்தோம். மச்சாள், அதாவது அவருடைய அக்கா, வந்து பார்த்துவிட்டு மயங்கவில்லை, ஆனால் இரண்டு நாள் என்னோடு கதைக்கவுமில்லை. பின்னேரம் நாலரை என்றால் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். தேத்தண்ணி ஊற்றியே என் கை ஓய்ந்தது. ஏசினேன்தான். ஏச ஆள் இருந்ததால் ஏசினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் நானும் அவரும் மட்டும் விளையாடிக்கொண்டிருந்தோம். நான் அடித்த அடியில் ஸ்ரைக்கர் போர்ட்டை விட்டுப் பாய்ந்து அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அவர் பாரம் தூக்கக்கூடாது. நான் அலுமாரியின் ஒரு மூலையைத் தோளால் தள்ளினேன். அன்றைக்கென்று அது நகர்ந்தது.

பின்னால் ஓர் ஆள் உயரத்துக்குக் கிறீம் நிறம்.

நான் ஸ்ரைக்கரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மறைக்கலாமென்று நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதுதான் முதல் அடிச்சதோ?"

"ஓம்."

அவர் கையை நீட்டினார். ஸ்ரைக்கரைக் கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவும் என்னட்டைக் கேட்டவர், என்ன கலரடா எண்டு," என்றார். "நான் உள்ளதைச் சொன்னனான்."

பிறகு ஸ்ரைக்கரை என் பக்கத்துக் கோட்டில் வைத்தார். "அடியும். உம்மடை முறைதான்."

நான் வந்து இருந்து கையை வைத்தேன், அடிக்கவில்லை. என் கையை அவர் தன் கையால் போர்ட்டோடு சேர்த்து அமத்திப் பிடித்திருந்தார்.